நாத்திகன் கையில் எலுமிச்சம்பழம்

என் வாழ்க்கையில் நான் ஜெயித்த விவாதம் ஒன்றே ஒன்றுதான். அதில் மட்டும் தோற்றிருக்கக் கூடாதா என்று இன்றுவரை வேண்டிக்கொள்கிறேன். யாரிடம் என்று கேட்காதீர்கள்.

எண்பதுகளின் பின்பாதி. அம்பத்தூர் எஸ்டேட்டில், பம்புசெட்டுக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. மற்றவர்கள் எட்டு மணி நேரம் நின்றுகொண்டு, வியர்த்து வழிந்து செய்து கொடுப்பதை நான் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வெர்னியரால் அளந்து, ‘இது தேறாது’ என்று சிவப்பு பெயிண்ட் அடித்து ஒதுக்க வேண்டும். இதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். நாள் முழுக்கக் குறை கண்டுபிடித்தே பழகியவனால் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சும்மா இருக்க முடியுமா? சாப்பாட்டு நேரத்தில் உலகத்தைப் படைத்தவரின் சரக்கை அளக்க ஆரம்பித்துவிடுவேன்.

பூந்தமல்லியில் நாங்கள் குடியிருந்த தெருவுக்கு அடுத்த தெருவிலேயே நூலகம். அங்கே கடவுள் மறுப்புப் புத்தகங்கள் எல்லாவற்றையும் நான் ஒருவனே மாற்றி மாற்றி எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். நூலகர் என்னை ஒரு இயக்கம் என்றே நினைத்திருந்தார்.

எதிர்க்கட்சி, மில்லிங் மெஷினில் வேலை பார்த்த என் நண்பர். வீடு ஆவடியில். பரம்பரைக் கிறிஸ்தவர். எல்லோரையும் ‘பிரதர்’ என்பார். முதலில் கிண்டலுக்காக நானும் அவரைப் பிரதர் என்று கூப்பிட ஆரம்பித்து, பிறகு வேறு மாதிரி கூப்பிட வராமல் போய்விட்டது. எங்கள் கம்பெனிக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறு வேலை நாள். அதிகாலை ஆராதனையை முடித்துக்கொண்டு, அதே வெள்ளைச் சட்டையோடு ஷிப்டுக்கு வந்து நிற்பார். சட்டையை மாற்றி மெஷினைப் போடுவதற்குள் நான் போய், “என்ன பிரதர், இன்னிக்கு மேலேர்ந்து ஏதாவது தகவல் உண்டா?” என்று கேட்பேன். கோபப்பட மாட்டார். “உங்களுக்குத்தான் ஒண்ணு வந்திருக்கு. மத்தியானம் சொல்றேன்” என்பார்.

மத்தியானம் கேன்டீனுக்குப் பின்னால் ஒரு வேப்பமரத்தடியில் சபை கூடும். பத்துப் பதினைந்து பேர் டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நடுவர், லேத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர். எஸ்டேட் வருவதற்கு முன்னால் அந்த நிலத்தில் நெல் போட்ட குடும்பம் அவருடையது. எல்லோருக்கும் அவர் லேத் அண்ணாத்தே. அவருக்கு எல்லோரும் அண்ணாத்தே. தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: “ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசிகிறீங்கோ. ஒண்ணும் புரியல.”

பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் நான் அதை ஒரே இடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன். கடவுள் நல்லவர் என்கிறீர்கள். எல்லாம் செய்ய முடிந்தவர் என்கிறீர்கள். அப்புறம் உலகத்தில் ஏன் இத்தனை துன்பம்? அவர், மனிதனுக்குக் கடவுள் சுதந்திரம் கொடுத்திருக்கிறார், அதை அவன் தப்பாக உபயோகிக்கிறான் என்பார். பூகம்பத்தை எந்த மனிதன் உண்டாக்கினான் என்பேன் நான். துன்பம்தான் மனிதனைப் பதமாக்குகிறது, இரும்பை உலையில் வைக்கிற மாதிரி என்பார். உலையிலேயே உருகிப் போகிற இரும்புக்கு என்ன பதில் என்பேன். மணி அடித்துவிடும். கை கழுவப் போவோம்.

இப்படி நான்கைந்து வருஷம் ஓடியது. அந்த சனிக்கிழமை வரைக்கும்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை நண்பர் லீவு. வெள்ளி, வார விடுமுறை. சனிக்கிழமை வந்து ஓரமாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார், சாப்பிடவில்லை. அவர் வாயைத் திறக்காததை நான் பலவீனமாக எடுத்துக்கொண்டேன். இன்று விட்டால் என்று கிடைக்கும்? எழுந்து நின்றே பேசினேன்.

“நான் இங்க என்ன பண்றேன்? அளவு தப்பின பீஸை வெளிய விடமாட்டேன். நூத்துல ஒண்ணு தப்பிப் போனாலும் முதலாளி என் கழுத்தைப் பிடிக்கிறாரு. பிரதரோட கடவுள் கம்பெனியப் பாருங்க. கண்ணு தெரியாம ஒரு கொழந்த, காலு வராம ஒரு கொழந்த. பாதி பீஸ் டிஃபெக்ட்டு! இன்ஸ்பெக்‌ஷனே கிடையாது! என்ன அங்க வேலைக்கு வச்சிருந்தா மொத்த லாட்டையும் ரிஜெக்ட் பண்ணியிருப்பேன்.”

கைதட்டினார்கள். ஒருவன் விசிலே அடித்தான். நண்பர் டிபன் பாக்ஸை மூடினார். “நல்லா சொன்னீங்க பிரதர்” என்றார். எழுந்து போய்விட்டார்.

நான் கை கழுவக் குழாயடிக்குப் போனேன். நடையே மாறிப்போயிருந்தது எனக்கு. அங்கே லேத் அண்ணாத்தே நின்றிருந்தார்.

“இன்னா அண்ணாத்தே இப்டி பேசிட்ட? அவரு பொண்ணுக்கு நெஞ்சுல ஓட்டையாம். வியாயக்கெயம டாக்டரு சொல்லிகிறாரு. ஆப்ரேசன் பண்ணணுமாம்.”

எனக்குக் காதில் தண்ணீர் புகுந்த மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். ஆறு வயது. கம்பெனி ஆயுத பூஜைக்கு வந்து பொரிகடலை வாங்கிப் போகும். நாலு படி ஏறினால் உட்கார்ந்து மூச்சு வாங்கும். செல்லம் என்று நினைத்திருந்தோம்.

“உங்களுக்குத் தெரியும்னா எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீ எங்க வாய மூடின, நான் சொல்றதுக்கு?”

மறுநாள் மன்னிப்புக் கேட்கலாம் என்று மில்லிங் மெஷின் பக்கம் போனேன். அவர் மெஷினை நிறுத்தவில்லை. கட்டர் ஓடுகிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது. சத்தம் போட்டு மன்னிப்புக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

“விடுங்க பிரதர்,” என்றார். “நீங்க கேட்டதத்தான் நானும் மூணு நாளா கேட்டுகிட்டிருக்கேன். நீங்க இல்லாத ஆளக் கேக்கறீங்க. உங்களுக்கு அது சுலபம். நான் இருக்கறவரக் கேக்கறேன். பதில் வரலைன்னா எனக்குத்தான் வலிக்குது.”

அதற்குப் பிறகு அவர் மரத்தடிக்கு வரவில்லை. மெஷின் பக்கத்திலேயே சாப்பிட்டார். எதிர்க்கட்சி இல்லாமல் சபை கலைந்தது. ஆபரேஷனுக்கு ஏழு வாரம் கழித்துத்தான் தேதி கொடுத்திருந்தார்கள்.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன், நான் பேசியதை மட்டும் விட்டுவிட்டு. அவள் கேட்டுக்கொண்டிருந்தவள், “ஏழு வாரமா? அப்ப மாங்காட்டுக்கு ஆறு வாரம் சரியா இருக்கும்” என்றாள்.

மாங்காடு காமாட்சி அம்மனுக்கு அப்படி ஒரு வழக்கம். ஆறு வாரம், எந்தக் கிழமையில் ஆரம்பிக்கிறோமோ அதே கிழமையில், வாரம் தவறாமல் போக வேண்டும். இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒன்றைத் திருப்பித் தருவார்கள். நடுவில் ஒரு வாரம் விட்டால் பழையபடி முதலிலிருந்து.

“அவங்க கிறிஸ்டியன்ஸ்” என்றேன்.

“பொண்ணு பொண்ணுதானே? அம்மா என்ன ரேஷன் கார்டா கேக்கப் போறா?”

முதல் இரண்டு வெள்ளிக்கிழமை அவளே போனாள். மூன்றாவது வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பழத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அவளுக்கு அந்த மூன்று நாள். கோயிலுக்குப் போகக் கூடாது. வாரம் விட்டுப்போகவும் கூடாது.

நான் பகுத்தறிவோடு ஒரு கேள்வி கேட்டேன். “உன் அம்மனும் பொம்பளதானே? இது அவளுக்குத் தெரியாதா?”

“அதெல்லாம் உங்க மரத்தடியில பேசுங்க. இப்ப கெளம்புங்க, கூட்டம் வந்துடும்.”

பையில் கொண்டுபோனால் யாராவது என்ன என்று கேட்பார்கள். பேன்ட் பாக்கெட்டில் பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டேன். பூந்தமல்லியில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது சரியான யோசனை இல்லை என்று தெரிந்தது. மாங்காட்டில் இறங்கி, தெரிந்த முகம் எதுவும் இல்லை என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெண்மணி தலையில் முந்தானை போட்டு, கைக்குட்டையில் எதையோ பொத்தி வைத்திருந்தார். வரிசை வளைகிற இடத்தில் திரும்பினார்.

என் நண்பரின் மனைவி.

இரண்டு பேருமே திருடன் கையும் களவுமாக அகப்பட்ட மாதிரி விழித்தோம். முதலில் பேசியது அவர்தான்.

“அண்ணா, அவர்கிட்ட சொல்லிடாதீங்கண்ணா. அவர் உபவாச ஜெபத்துல இருக்காரு, சர்ச்சுல. அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்.” அவருடைய பிறந்த வீடு பாரிவாக்கம். கல்யாணத்துக்கு முன்னால் இந்தக் கோயிலுக்கு நடந்தே வந்திருக்கிறார். “நீங்க எப்படி இங்க?”

“சும்மாதான். சிற்பமெல்லாம் பாத்துட்டுப் போலாம்னு...”

அவர் பார்வை என் பேன்ட்டின் இரண்டு பக்கமும் போய்விட்டு வந்தது. “சிற்பத்துக்கு எலுமிச்சம்பழமாண்ணா?”

எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்திருப்பார் போல. சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “தப்புதாண்ணா. ஞானஸ்நானம் வாங்கினவ நான். ஆனா ஒரு எடத்துல மட்டும் கேட்டுட்டு, நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, இன்னொரு எடத்துலயும் கேட்டிருக்கலாமேன்னு காலம் பூரா உறுத்துமே. எனக்குக் கேக்கத்தானே தெரியும்?”

இதற்கு நூலகத்தில் பதில் இருந்தது. நாலைந்து புத்தகத்தில் இருந்தது. “வரிசை நகருதும்மா, போங்க” என்றேன்.

சன்னிதியில் குருக்கள் யார் பேருக்கு அர்ச்சனை என்று என்னைத்தான் கேட்டார். பெண்ணின் பெயரைச் சொன்னேன். அது சுத்தமான கிறிஸ்தவப் பெயர். என்னை ஒரு நொடி பார்த்தார். “நட்சத்திரம்?” எனக்கு எப்படித் தெரியும்? பக்கத்திலிருந்து மெல்லிய குரலில், “பூசம்” என்றார் பெண்ணின் அம்மா. ஆவடி வீட்டில் ஆறு வருஷமாக யாரும் கேட்காத நட்சத்திரம். குருக்கள் அந்தப் பெயருக்கு முன்னும் பின்னும் சமஸ்கிருதத்தைச் சேர்த்து அம்மன் காதில் போட்டுவிட்டு, எனக்கு ஒரு பழம், அவருக்கு ஒரு பழம் திருப்பித் தந்தார்.

அடுத்த மூன்று வாரமும் நானே போனேன். என் மனைவி தயாராகத்தான் இருந்தாள். ஆரம்பித்த வேலையை ஆள் மாற்றக் கூடாது என்று ஏதோ சட்டம் பேசிவிட்டுக் கிளம்பினேன். நம்பிக்கை வந்துவிட்டதா என்றால் வரவில்லை. வரிசையில் அந்த அம்மா தனியாக நிற்பார், அவ்வளவுதான்.

கம்பெனியில் ரத்தம் கொடுக்க ஆள் சேர்த்தார்கள். எட்டுப் பேர் போனோம். லேத் அண்ணாத்தே முதல் ஆளாகக் கையை நீட்டினார். என்னைப் பரிசோதித்துவிட்டு, உங்கள் ரத்தத்தில் சத்து போதாது, வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இத்தனை வருஷம் பீஸ்களை ரிஜெக்ட் செய்தவன், அன்றைக்குத்தான் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று பார்த்தேன். “கவலப்படாத அண்ணாத்தே,” என்றார் லேத் அண்ணாத்தே, அவருக்குக் கொடுத்த பிஸ்கட்டில் பாதியை என்னிடம் நீட்டி. “பேசறதுக்குப் போதும்ல?”

ஆபரேஷன் அன்று லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண்ணை உள்ளே கொண்டுபோய் அரை மணி ஆகியிருந்தது. நண்பரைச் சுற்றி ஏழெட்டுப் பேர். அவர் பெரியப்பா, கர்த்தர் தமக்குப் பிரியமானவர்களைத்தான் சோதிப்பார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை ஒருவர், வீட்டில் யாரோ கர்த்தரிடம் ஒப்புக்கொண்டு அறிக்கை செய்யாத பாவம் இருக்கிறது என்றார். பக்கத்து வீட்டுக்காரர் தன் பங்குக்கு, சமையலறையை ஈசானி மூலையில் வைத்திருக்கக் கூடாது என்றார். நண்பரின் மனைவி சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். நண்பர் எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துப் போனார்.

“பிரதர், ஏதாவது பேசுங்க.”

“என்ன பேசறது?”

“பழைய மாதிரி. கேளுங்க. நல்ல கடவுள்னா ஏன் இப்படின்னு கேளுங்க.”

“இப்பவா? இங்கயா?”

“காலையிலேர்ந்து பதில் சொல்றவங்களாவே வராங்க பிரதர். தாங்க முடியல. கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்.”

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னைப் பேசச் சொல்லிக் கெஞ்சுகிறார், எனக்குப் பேச வரவில்லை. அவரே எடுத்துக் கொடுத்தார். “மனுஷனுக்கு சுதந்திரம் கொடுத்திருக்காரு. அதனாலதான் கெடுதல். சொல்லிட்டேன். ம், கேளுங்க.”

“ஆறு வயசுப் பொண்ணோட இருதயம் எந்த சுதந்திரத்தத் தப்பா உபயோகிச்சுது?” என்றேன்.

“அதான். அந்த எடத்துல எனக்கும் நின்னுடுது. சரி, துன்பம் நம்மளப் பதமாக்குது.”

“யார? அவளையா, உங்களையா? உங்களப் பதமாக்க அவளையா அறுக்கணும்?”

“கேட்டேன்! இதையேதான் நானும் கேட்டேன். போன வெள்ளிக்கிழம, எல்லாரும் கண்ண மூடிகிட்டு இருக்கறப்ப, சத்தமாவே கேட்டுட்டேன். பாஸ்டர் ஒரு பாட்டு ஆரம்பிச்சு என்ன அமுக்கிட்டாரு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். நாலு மணி நேரம் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பதிலையும் அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. நடுவில் அவர் என்னை மடக்கினார்: “சரி, உங்க கட்சிக்கே வரேன். மேல யாரும் இல்ல. எல்லாம் தானா நடக்குது. அப்ப அநியாயம்னு உங்களுக்கு ஏன் கோவம் வருது? தானா ஓடற மெஷின்மேல யாராவது கோவப்படுவாங்களா?”

“நம்ம கம்பெனியில எல்லாரும் படறாங்களே” என்றேன். ஆனால் அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். இன்றும் அந்தக் கேள்வி என்னிடம்தான் இருக்கிறது.

படி ஏறி வந்த ஒரு நர்ஸ் எங்கள் சத்தத்தைக் கேட்டு நின்றார். “இருக்காரா இல்லையான்னு வெளிய போய் முடிவு பண்ணுங்க. இங்க பேஷன்ட்டு தூங்கறாங்க.” அதன் பிறகு கிசுகிசுவென்று சண்டை போட்டோம்.

டாக்டர் வெளியே வந்து, ஓட்டையை அடைத்தாயிற்று, குழந்தை நன்றாக இருக்கிறது என்று சொன்னபோது நண்பர் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே என் தோளில் சாய்ந்துவிட்டார். அவர் மனைவி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் டாக்டரைப் பார்த்தே கும்பிட்டார். என் வாயிலிருந்து ‘அப்பா, கடவுளே’ என்று வந்தது. பழக்க தோஷம்தான், ஆனால் அந்த இடத்துக்கு வேறு வார்த்தை நூலகத்தில் கண்டதாக நினைவில்லை.

பத்து நாள் கழித்து நண்பர் வேலைக்கு வந்தார். நேராக என் மேசைக்கு வந்து, “வீட்ல சொல்லிட்டா” என்றார். நின்றுகொண்டே என் வெர்னியரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு நாள் பேசல நான். அப்புறம் கணக்குப் போட்டுப் பாத்தேன். நான் உபவாசத்துல முழங்கால் போட்டிருந்த அதே நேரத்துல அவ அங்க வெயில்ல நின்னிருக்கா. ரெண்டு பேருமே அன்னிக்கு சாப்பிடல. இதுல நான் எங்கேர்ந்து கோவப்படறது?” பிறகு, “நீங்க போனதுதான் பிரதர் எனக்கு ஜீரணமாகல” என்று சொல்லிவிட்டுப் போனார். மதியம் டிபன் பாக்ஸோடு மரத்தடிக்கு வந்தார். சபை மறுபடி கூடியது. நான் உட்கார்ந்தே பேசினேன்.

அந்த மாதக் கடைசியில் நானும் என் மனைவியும் பெண்ணைப் பார்க்க ஆவடிக்குப் போனோம். கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, நாங்கள் கொண்டுபோன சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தாள். உதட்டில் நல்ல நிறம் வந்திருந்தது. இத்தனை வருஷம் பெரியவர்கள் பேசியாயிற்று, சம்பந்தப்பட்டவரை யாரும் கேட்கவில்லையே என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்து, “ரொம்ப வலிச்சுதாம்மா?” என்றேன்.

“ம். ரொம்ப.”

“எனக்கு மட்டும் ஏன் இப்படி வலிக்குதுன்னு நீ கேட்டியா?”

அவள் அப்பா திரும்பிப் பார்த்தார். அம்மாவும் பார்த்தார்.

“கேட்டேனே. நர்ஸ் அக்காவக் கேட்டேன்,” என்றாள், சுளையிலிருந்து கொட்டையை எடுத்து என் கையில் வைத்து. “தையல் போட்ட எடம் வலிக்கத்தான் செய்யும், பேசாம படுன்னாங்க.”